திரும்பி வந்து சொல்பவர்

டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் அவரது முகம் அல்ல. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரியவருக்கு அவர் பஸ்ஸுக்கு வழி சொன்னதுதான்.

இராஜாக்கமங்கலம் பஸ் எங்கே நிற்கும் என்று அந்தப் பெரியவர் கேட்டார். "எதுத்தாப்புல நில்லுங்க, இப்ப வந்திரும்" என்று சொல்லிவிட்டு மேடம் காரில் ஏறினார். மழை பிடித்திருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார். இரண்டு வளைவு தாண்டியதும் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். ரோட்டு வேலை நடப்பதால் அந்த பஸ் ஒரு வாரமாக வேறு வழியே போகிறது என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். பெரியவர் மழையில் நின்றுகொண்டிருந்தார். மேடம் குடைகூட எடுக்காமல் இறங்கிப் போய், "அய்யா, நான் சொன்னது தப்பு. இங்க பஸ் வராது" என்றார். அந்த மனிதருக்கு ஒரே கூச்சம். பஸ் நிற்கும் இடத்தில் அவரை இறக்கிவிட்ட பிறகுதான் மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாகர்கோவிலில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவு நர்ஸாக நான் அவரிடம் பல வருஷம் வேலை பார்த்தேன். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கொண்டையில் செருகிய பேனா. ஓ.பி. முடிந்ததும் இரண்டு மட்டி வாழைப்பழம் சாப்பிடுவார். யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். நம்மைப் பார்த்தபடியே சும்மா நிற்பார், அது சத்தத்தைவிட மோசம். நோயாளிகளுக்கும் அவரிடம் பயம்தான். ஆனால் தான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் ஒரு நாளும் அதை அப்படியே விட்டதில்லை. திரும்பி வருவார், திருத்திச் சொல்வார். கேட்டவர் மறந்துபோன விஷயமாக இருந்தாலும் சரி.

ஒரு தடவை ஒரு வளைகாப்புக்கே போய் நின்றுவிட்டார். முந்தின நாள் ஸ்கேனைப் பார்த்து, நச்சுக்கொடி மேலேதான் இருக்கிறது, பயணம் போகலாம் என்று சொல்லியிருந்தார். மறுநாள் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. போன் எடுக்க ஆளில்லை. நேரே மண்டபத்துக்குப் போனோம். பந்தி நடந்துகொண்டிருந்தது. கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் போய் நின்று, "மக்கா, நேத்து நான் சரியாப் பாக்கல. கொடி கீழ இறங்கிக் கெடக்கு. நீ ரயில் ஏறக்கூடாது" என்றார். மாமியார்க்காரி கொதித்துப்போனாள். "நல்ல காரியம் நடக்கிற எடத்துல வந்து என்ன பேச்சு பேசுதீங்க?" பெண் தலையாட்டும்வரை மேடம் நகரவில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு உதிரப்போக்கு வந்தது. ஊரில் இருந்ததால் பிழைத்தாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவோம். மேடம் மட்டும், "முதல்லயே சரியாப் பாத்திருக்கணும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒன்று இருந்தது. அது படுக்கை.

மாடியில் ஆறு கட்டில் போட்ட ஓர் அறை. நாங்கள் அதைக் கிடப்பு வார்டு என்போம். மாதம் நிறையும் முன்பே வலி கண்டு வரும் கர்ப்பிணிகளை மேடம் அங்கே கிடத்துவார். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருப்போம். சாப்பாடு படுத்தபடி, குளியல் துணியால் துடைப்பு, மற்றதெல்லாம் பெட்பேனில். சிலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில். மலையோரத்து ரப்பர் தோட்டங்களிலிருந்தும் எங்கள் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்த அம்மாவிடம் போய்க் கிடந்தால் பிள்ளை தங்கும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருந்தது. பெரும்பாலும் தங்கவும் செய்தது.

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்தவளுக்குத் தங்கவில்லை. அவளுமில்லை, பிள்ளையுமில்லை. புருஷன் ரப்பர் பால் வெட்டுகிறவன். ஆறாம் மாதத்தில் வந்தாள். ஏழு வாரம் கிடந்தாள். அவளுடைய அம்மா கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் அம்மா தலை வாரிவிடுவதற்காக அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். மூச்சு வாங்குது என்றாள் மகள். நாங்கள் ஆக்ஸிஜன் கொண்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருக்கும் என்று மேடம் சொன்னார். கர்ப்பத்தில் அப்படி நடப்பதுண்டு என்றும் சொன்னார். படுக்கையை அவர் சந்தேகப்படவில்லை. அன்றைக்கு நாங்கள் யாருமே சந்தேகப்படவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. நாடு முழுக்க டாக்டர்கள் எந்த நோய்க்கு எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று ஆதாரங்களைப் பார்த்து வழிகாட்டுதல் எழுதும் ஒரு தேசிய அமைப்பு. குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பது பற்றி எழுதப் போகிறார்கள். பெரிய நகரத்து நிபுணர்கள் மட்டும் போதாது, மாவட்டத்தில் வேலை செய்கிறவரும் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடத்துக்கு கம்ப்யூட்டர் அவ்வளவு ஒத்துவராது. அதனால் தாள்களை அச்செடுப்பதும் அடுக்குவதும், ஆன்லைன் கூட்டங்களுக்கு எல்லாம் தயார் செய்வதும் என் வேலையாயிற்று.

முதலில் ஒரு படிவம் வந்தது. மருந்துக் கம்பெனியில் பணம் வாங்கியதுண்டா, பங்கு உண்டா, இந்த முடிவால் உங்களுக்கு ஆதாயம் ஏதும் உண்டா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதியவர், கடைசிக் கட்டத்தில் நிறுத்தி யோசித்தார். பிறகு, "படுக்கை ஓய்வை நான் தொழிலுக்கு வந்த நாள்முதல் சொல்லிவருகிறேன். எனக்குப் பெயர் வந்ததே அதனால்தான். இதையும் ஆதாயமாக எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதினார்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"கேட்டிருக்காங்கல்லா ஜெசி."

படுக்கை ஓய்வு தேவையா என்பது குழு எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. மேடம் அதற்காக வாதாடத்தான் முதல் கூட்டத்துக்கு டெல்லி போனார். ரெக்கார்டு அறையில் கிடந்த பழைய கேஸ் ஷீட்டுகளையெல்லாம் நாங்கள் தூசி தட்டி எடுத்தோம். கிடப்பு வார்டில் கிடந்து நல்லபடியாகப் பெற்றவர்களின் கட்டு ஒரு பெட்டி நிறைய இருந்தது. குலசேகரத்துக்காரியின் ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வேற" என்று தனியே வைத்தார்.

திரும்பி வந்தபோது அந்தப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மட்டிப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"தலைவரா இருக்கவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. கிடந்து பெத்தவங்க இத்தனை பேரு சரி, கிடக்காதவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டாரு. எங்கிட்ட இல்லியே. வந்த ஆளை எல்லாம் நான் கிடத்திட்டேனே. அப்ப கிடக்காம இருந்திருந்தா அந்தப் பிள்ளைங்க பொறந்திருக்காதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"மத்தவங்க யாராவது பாத்திருக்காங்களா?"

"பாத்திருக்காங்க. ஒரு கூட்டத்தைக் கிடத்தி, இன்னொரு கூட்டத்தை நடமாட விட்டுப் பாத்திருக்காங்க. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வாசிச்சோம். எது நம்பத் தக்கது, எது ஓட்டைன்னு தரம் பிரிச்சோம். கிடந்ததால பிரயோசனம்னு ஒண்ணுலயும் தெளிவா இல்ல. சதை கரையுது. ரத்தம் கட்டுது."

பழத்தைச் சாப்பிடாமல் மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பெட்டியில ஒரு ஷீட் குறையுதுன்னு நானே அவங்ககிட்ட சொன்னேன்" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் குலசேகரத்துக்காரியின் ஷீட்டை என் முன்னே விரித்து வைத்தார். "கால் வீங்குச்சு, வலிச்சுதுன்னு ஒரு வரிகூட எழுதல. நீ அப்ப டூட்டில இருந்திருக்க. அவ ஏதாவது சொன்னாளா?"

சொன்னாள். சாவதற்கு இரண்டு நாள் முன்னால். ஆறு கட்டிலும் நிறைந்திருந்த நாள் அது, நான் ஒரு ஆள்தான். பெட்பேனோடு போய்க்கொண்டிருந்த என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள். "சிஸ்டரே, எடத்துக் காலு கனக்குது. ஆரோ பிடிச்சு இழுக்கது போல இருக்கு." நான் போர்வையை விலக்கி அந்த இடது காலைப் பார்க்கக்கூட இல்லை. "கால்மாட்டைத் தூக்கி வச்சா அப்படித்தான் இருக்கும். அசையாம கிட" என்றேன். ரவுண்ட்ஸில் மேடத்திடம் சொல்லவில்லை. நோட்டில் எழுதவும் இல்லை.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. முன்கூட்டியே தெரிந்த அறிகுறி எதுவும் இல்லை என்று குழுவில் அந்தக் கேஸைச் சொன்னார்.

வரைவு பொதுப் பார்வைக்குப் போனது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று விட்டார்கள். எழுதினார்கள். பெரும்பாலும் டாக்டர்கள். எங்கள் அனுபவம் பொய்யா, ஓய்வு எடுத்தால் யாருக்கு என்ன கெடுதல் என்று கோபமாக எழுதியிருந்தார்கள். அவரோடு ஒன்றாகப் படித்த ஒருவர், நீயா இதற்குக் கையெழுத்துப் போடுகிறாய் என்று கேட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் குழு பதில் எழுத வேண்டும். மேடம் பங்குக்கு வந்தவற்றை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். யாரையும் கேலி செய்து ஒரு வார்த்தை இல்லை. வழிகாட்டுதலில் முடிவாக வந்த வாக்கியம் ரொம்பச் சாதாரணமானது. குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதற்கென்று படுக்கை ஓய்வை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம். அதன் கீழே ஏன் என்ற விளக்கம்.

அது வெளியான வாரம் அவரே மாடிக்கு வந்து, கட்டில்களுக்கு அடியிலிருந்த மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். நான் உதவப் போனபோது வேண்டாம் என்றார். கட்டை வைத்திருந்த இடத்தில் தரையில் வெள்ளையாகத் தடம் விழுந்திருந்தது. எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை. இருட்டிய பிறகும் அந்த அறையில் தனியாக நிற்பார் என்று வாட்ச்மேன் சொன்னான்.

பிறகுதான் அவர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். கேஸ் ஷீட்டில் இருந்த விலாசங்களை வைத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு பெண். மீன் ஏலம் எடுக்கும் குடும்பம். நாலு மாதம் கிடந்து பெற்ற மகன் காலேஜ் போகிறான். எங்களைக் கண்டதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மகனின் போட்டோவைக் கொண்டு வந்து, "நீங்க தந்த புள்ள டாக்டரம்மா" என்றாள்.

"நான் தரல மக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ நடமாடியிருந்தாலும் அவன் பொறந்திருப்பான்னுதான் இப்பத் தெரியுது. கிடக்கச் சொன்னது தேவையில்லாதது."

அவள் சிரிப்பு மெல்லப் போனது. "நான் கிடக்கும்போ எங்கப்பா செத்தாரு. ஞாபகம் இருக்கா? ரெண்டு ஊரு தள்ளித்தான். கடைசியா முகத்தைப் பாத்திட்டு வாறேன்னு அழுதேன். எழும்பினா புள்ள நிக்காதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பா போனாலும் மவன் இருக்கான்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். இதை எதுக்கு இப்ப வந்து சொல்லுதீங்க?"

போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. திரும்பும்போது காரில் எனக்குக் கோபம் வந்தது. "அவங்க நிம்மதியா இருந்தாங்க மேடம். எதுக்குக் கெடுக்கணும்?"

"அவளுக்கு ஒரு மவளும் உண்டு ஜெசி. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வலி வந்தா, டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, கிடன்னு இவதான் முதல்ல சொல்லுவா." காரிலிருந்து இறங்கும்போது, "கெடுத்ததும் உண்மைதான்" என்றார்.

குலசேகரத்துக்குக் கடைசியாகத்தான் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. புருஷன் வேறு கல்யாணம் செய்து போய்விட்டான். அம்மா மட்டும் இருந்தாள். எங்களை அடையாளம் கண்டுகொண்டு, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள்.

மேடம் நேரடியாகவே சொன்னார். "கிடந்ததாலதான் அவ போனான்னு நூத்துக்கு நூறு என்னால சொல்ல முடியாது அம்மா. ஆனா அப்படிக் கிடந்தா ரத்தம் கட்ட வாய்ப்பு கூடுது. கிடந்தா பிள்ளைக்கு நல்லதுன்னு நான் சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. நான் சொன்னது தப்பு."

மேடம் பிறகு, "கால் வலிக்குதுன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "அங்க ஆருகிட்டயாவது பறஞ்சாளா?"

"யார்கிட்டயும் சொல்லல அம்மா. சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ உலர்ந்த இலைகளை மிதித்து நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் வாய் திறந்திருந்தால் மேடம் அங்கேயே எழுந்து திருத்திச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

சில மாதங்களில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. புற்றுநோய். நான் வாரம் ஒரு தடவை பார்க்கப் போவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறுவேன். ஒரு நாள் அவரே கேட்டார், "எல்லா வீட்டுக்கும் போயாச்சா ஜெசி? ஏதும் விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் இல்ல மேடம். நீங்க நிம்மதியா இருங்க" என்றேன்.

அவர் சாகும்போது கட்டிலில்தான் கிடந்தார். அதற்கு முந்தின வாரம்வரை, யார் தடுத்தும் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவர் போனபின் என்னால் வார்டில் வேலை பார்க்க முடியவில்லை. யாராவது சேலைத் தலைப்பைப் பிடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கால் என்று யார் சொன்னாலும் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்ப்பேன், எழுதுவேன், டாக்டரைக் கூப்பிடுவேன். கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் உறக்கத்தின் நடுவே, "அசையாம கிட" என்று நான் சத்தமாகச் சொல்வதாக என் புருஷன் சொன்னார். அவரிடமும் நான் காரணம் சொல்லவில்லை.

போன மாதம் தனியாகக் குலசேகரத்துக்கு பஸ் ஏறினேன்.

அம்மா வாசலில் பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா வரல்லியா?" என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். மிளகைக் கிளறிய கை நின்றது.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "அன்னைக்கு டாக்டரம்மா சொன்னது தப்பு அம்மா. உங்க மவ சொன்னா. என்கிட்ட சொன்னா. நான்தான் பாக்கல. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் என்னைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"என்ன பறஞ்சா? அவ பறஞ்சது போலயே பறை."

சொன்னேன். சிஸ்டரே, எடத்துக் காலு கனக்குது. ஆரோ பிடிச்சு இழுக்கது போல இருக்கு.

அம்மாவின் வாயும் என்னோடு சேர்ந்து அசைந்தது. கடைசி வார்த்தைகளை அவள் எனக்கு முன்பே முடித்துவிட்டாள்.

"எனக்கிட்டயும் அதுதான் பறஞ்சா" என்றாள். "டாக்டரம்மா ஏசுவாங்க, அனங்காம அசையாம கிட மோளேன்னு நான் பறஞ்சேன். எனக்கிட்ட மட்டும்தான் பறஞ்சாளோன்னு அறியத்தான் அன்னைக்கு அவங்கள்ட்ட கேட்டேன். ஆருகிட்டயும் இல்லன்னு அவங்க பறஞ்சதும்..." முடிக்கவில்லை. முந்தானையால் மிளகுத் தூசி பட்ட கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் பாயின் ஓரத்தை ஒதுக்கினாள். நான் உட்கார்ந்தேன்.

பிறகு அவள் சொன்னாள். "அவ்வளவு தூரம் வண்டி பிடிச்சு வந்து, எனக்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க. உனக்கிட்டயும் அதைத்தான் கேட்டிருப்பாங்க, இல்லியா? ரெண்டுபேருமா சேந்து அவங்களைப் பொய் பறைய வச்சிட்டோமே, மக்கா."